கதவுக்குப் பின்னால் இருமியவள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. விசிறிச் சத்தத்தில் நான் சொல்வது உங்களுக்குக் கேட்காமல் போய்விடக் கூடாது. மடியில் குழந்தை தூங்கினால் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். பெற்ற பெண்ணைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்பிவிட்டு, நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயின் கதையை இன்றைக்குச் சொல்கிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

போனை அணைத்த பிறகும் மகள் ஒருமுறை இருமினாள்.

சுலோசனா கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக்காரர்களுக்குக் கட்டிய மஞ்சள் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், அவளைத் தவிர அப்போது ஆளில்லாத வீடு. சாப்பாட்டு வேளைச் சங்கு அடங்கி, கீழ்வீட்டுக் குக்கர் இரண்டு விசில் விட்டு ஓய்ந்து, அண்ணனூர்ப் பக்கம் மின்சார ரயில் ஒன்று நீளமாக ஊதிக்கொண்டு போய், பிறகு காக்கை கூடக் கத்தத் தெம்பில்லாமல் எல்லாம் வெயிலில் நின்றுபோன அந்த நேரத்தில்தான் அது கேட்டது. வறண்ட, சின்ன இருமல். முடிவில் மூக்கை ஒரு உறிஞ்சு. கனிமொழி அப்படித்தான் இருமுவாள். ஆனால் சத்தம் போனிலிருந்து வரவில்லை. கூடத்தைத் தாண்டி, கனிமொழியின் அறையிலிருந்து வந்தது.

அந்த அறையின் கதவு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னல் கொக்கி உடைந்து, காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது என்று பெண் ஊருக்குப் போன மறுவாரம் பூபாலன்தான் அந்தத் தாழ்ப்பாளை வைத்தார்.

கனிமொழி போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஐரோப்பாவில், பெயரைச் சொல்லப் போனால் சுலோசனாவுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு பழைய ஊரில் மேல்படிப்பு. தினமும் இங்கே மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே காலை எட்டு மணி. அந்த நேரத்துக்கு வீடியோ அழைப்பு வரும். எடுத்தவுடன் தட்டைத் திரைக்கு நேரே காட்ட வேண்டும், என்ன சாப்பிடுகிறாள் என்று அம்மா பார்க்க வேண்டும்; இருவருக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம். வாரம் முழுக்க வகுப்பு, துணி துவைக்கும் கடை, பாத்திரம் கழுவும் முறைக்காகக் கூட இருக்கும் பெண்களோடு சண்டை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர் சுற்றல். பாலம், மணிக்கூண்டு, பனி மூடின பூங்கா என்று படம் படமாக வரும். பூபாலன் அதையெல்லாம் தன் ஸ்டேட்டஸில் போடுவார். தொழிற்சாலையில் பக்கத்து மெஷின்காரரைக் கூப்பிட்டு, என் பொண்ணு சாஞ்சிகிட்டு நிக்கற பாலத்துக்கு வயசு அறுநூறு தெரியுமா என்பார். குடியிருப்பு முழுக்கப் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்று சொன்னார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு கோட்டையைப் பார்க்கப் போயிருந்தாள். அதற்கு அடியில் பாதாளச் சிறை. படியே கிடையாது, தரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாக அந்தக் காலத்தில் ஆளைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டுக் கயிற்றை மட்டும் மேலே இழுத்துக்கொள்வார்களாம். இப்போது அதில் குனிந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுவது வந்து போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை.

“எல்லாருக்கும் எதிரொலி வந்துச்சும்மா. நானும் என் பேரச் சொல்லிக் கத்தினேன். எனக்கு மட்டும் வரவே இல்ல. என் குரல மட்டும் யாரோ உள்ள வச்சிக்கிட்டாங்க போல,” என்று அன்றைக்குச் சிரித்தாள்.

அடுத்த நாள் காய்ச்சல். பிறகு காய்ச்சல் விட்டது, சாப்பாடு விட்டது. தட்டைக் காட்டுவாள், ஒரு கவளம் வாயருகே கொண்டுபோவாள், இருமல் வரும், வைத்துவிடுவாள். சோற்றைப் பார்த்தாலே தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடிக்கிறார்கள் என்றாள். அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாளில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், திரைக்குள் இருப்பது தான் பெற்றதுதானா என்று சுலோசனா தேடும்படி ஆயிற்று.

கீழே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் நாகம்மாவிடம்தான் அவள் போய் அழுதாள். திருமுல்லைவாயிலிலிருந்து தினமும் வருகிறவள். கரிப்பெட்டியை இறக்காமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

“இதுக்குப் போயி அழுவுறியா? ஊரு கண்ணும்மா. உங்கூட்டுக்காரரு பாப்பாவ ஊருக்கே படம் காட்டிகினு கீறாரு, கண்ணு வியாம இன்னா பண்ணும்? உப்பு, காஞ்ச மொளகா, கடுகு, முச்சந்தி மண்ணு. மூணு தபா இப்டி, மூணு தபா அப்டி சுத்து. பாப்பாவ மூணு தபா துப்பச் சொல்லு. அடுப்புல போட்டுடு.”

போனில் சுற்றினால் பலிக்குமா என்று சுலோசனா கேட்டாள்.

“போன்ல கல்யாணம் பாக்குறாங்கோ, போன்ல கருமாதி பாக்குறாங்கோ. கண்ணு போன்ல வந்துச்சின்னா, போன்ல போவாதா? ஒண்ணு மட்டும் மறந்துடாத. எரியறத அது பாக்கக் கூடாது. பாப்பாவ அந்தாண்ட திரும்பிக்கச் சொல்லு.”

சுலோசனா எல்லாம் சரியாகத்தான் செய்தாள். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து நிறுத்தி, மகள் பேரைச் சொல்லிக்கொண்டே முகத்தைச் சுற்றிக் கையை இறக்கினாள். அந்தப் பக்கம் கனிமொழி சோர்ந்துபோய்ச் சிரித்து, திரைக்கு வாயைக் கொண்டுவந்து மூன்று முறை துப்பினாள். மிளகாய் எரிந்தது. உப்பு பொரிந்தது. நெடியே இல்லை. மிளகாய் எரிந்தும் கமறல் வராவிட்டால் கண் பலமாக விழுந்திருக்கிறது என்பார்கள். அப்போது போனுக்குள் கனிமொழி இருமினாள். கண்ணில் நீர் வர, முகத்தைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

“ம்மா, இங்க கமறுதும்மா. உன் மிளகா இங்க கமறுது.”

அந்தக் கணத்தில்தான் சுலோசனாவுக்குத் தெரிந்தது. போனைத் திருப்பி வைக்கவில்லை. அது அடுப்பைப் பார்த்தபடியே நின்றிருக்கிறது. போட்டதும், எரிந்ததும், அடுப்புக்குப் பின்னால் திறந்திருந்த சமையலறை வாசலும், கூடமும், எல்லாம் அதற்குத் தெரிந்திருக்கிறது.

பதறிப்போய் அணைத்தாள். அணைத்த பிறகுதான் அந்த இருமல்.

மறுநாள் கனிமொழி முழுத் தட்டு சாப்பிட்டாள். அது காலியானதும் இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள். பூபாலன் ராத்திரி சாப்பாட்டில், உன் மிளகாய்க்கு விமானச் செலவு கூட இல்லையே என்று பரிகாசம் செய்தார். சுலோசனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கால் விரல்களை மடக்கிக்கொண்டாள். ஏனென்றால் தரை சில்லென்று இருந்தது. மின்விசிறி அனல் காற்றைக் கொட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், மொசைக் தரையில் ஒரு கோடு மட்டும் சில்லென்று இருந்தது. காலால் தடவிக்கொண்டே போனால் அது கனிமொழி அறைக் கதவின் அடியில் போய் முடிந்தது.

வியாழக்கிழமை மதியம். அவள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். அழைப்பு வந்து முடிந்திருந்தது; இரண்டே நிமிடம். கனிமொழி தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். தட்டைக் காட்டவில்லை, டிராமில் ஏறப் போவதாகவும் ஏதோ ரொட்டி தின்றுகொண்டே ஓடுவதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் சுலோசனா யோசித்துக்கொண்டிருந்தாள். இவள் சிரித்தால் மேல்வரிசைப் பல் இவ்வளவு தெரியுமா? வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரைந்திருந்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கல்லின் வாடை வந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை.

“ம்மா.”

“இரு, வரேன்,” என்று சொல்லிக்கொண்டு சுலோசனா எழுந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நாலடி நடந்த பிறகுதான் கால் நின்றது.

மடியிலிருந்த அவரைக்காய் பின்னால் சிதறிக் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அதன் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்திருந்தது, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலில் துளிர்ப்பது போல.

“ம்மா. பசிக்குது.”

அவள் பின்னால் நகர்ந்து வாசல் படியில் போய் உட்கார்ந்தாள்.

பூபாலன் வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாக அந்தக் கதவைத் திறக்கச் சொன்னாள். திறந்தார். கட்டில், மேசை, பழைய பாடப் புத்தகங்கள், மூட்டையாகக் கட்டின துணி. பகலெல்லாம் அடைபட்ட வெக்கை முகத்தில் மோதியது. ஈரமும் இல்லை, வாடையும் இல்லை. அவர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகூடப் பார்த்தார். வியர்த்தது. வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அவள் தலையில் கை வைத்து, “புள்ள ஞாபகம். வேற ஒண்ணும் இல்ல. நாளைக்கு லீவு போடட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்றோம் என்று ராத்திரி முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். இவர் இருந்தால் அது பேசாது. அது பேச வேண்டும் என்று தனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

சனிக்கிழமைக்குள் அவள் கதவுக்கு இந்தப் பக்கம் உட்காரப் பழகியிருந்தாள். சங்கு ஊதும். அழைப்பு வரும், இரண்டு நிமிடம், டிராம், சிரிப்பு, “அப்புறம் பேசறேம்மா.” பிறகு வாடை வரும். பிறகு குரல் வரும். குரலுக்கு அவசரமே கிடையாது. ரசம் வைத்தியா என்று கேட்கும். கால் வலிக்கிறதா என்று கேட்கும். இங்கே இருட்டா இருக்கும்மா என்று சொல்லும். சுலோசனாவுக்குக் கோட்டையும் அந்த ஓட்டையும் நினைவுக்கு வந்தன. வைத்துக்கொண்ட குரல் எங்கே போகும் என்ற எண்ணம் ஈ போல நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததை அவளே விரட்டினாள்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று துணிந்தாள். “நீ கனிதான்னா சொல்லு. சின்னதுல செம்பரம்பாக்கம் ஏரி பாக்கப் போனோமே, கரை மேல உன் செருப்பு…”

“செருப்பு போயிடுச்சு,” என்றது குரல்.

“அப்புறம் அழுதுகிட்டு, நான்…”

“நீ என்னைத் தூக்கிக்கிட்டு நடந்த.”

சுலோசனா கதவில் நெற்றியை வைத்து அழுதாள். பாதியைத் தானே சொல்லிக் கொடுத்தோம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் ஞாயிறு, போனில் அதையே கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ சந்தை. பின்னால் கூட்டம், பாட்டு. கனிமொழி கண்ணைச் சுருக்கி யோசித்து, “ஏரியா? ஞாபகம் இல்லம்மா. எனக்கு அப்ப எத்தன வயசு?” என்றாள். பிறகு போனைத் திருப்பி, பனி உடைந்து மிதக்கும் ஆற்றைக் காட்டினாள். எவ்வளவு அழகாக இருக்கிறது பார் என்றாள்.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் சுலோசனாவால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு அவள் மகளிடம் கெஞ்சினாள். படிப்பு போனால் போகட்டும், புறப்பட்டு வந்துவிடு, ஒரு தடவை உன்னைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்றாள். கனிமொழி முதலில் சமாதானம் சொன்னாள், பரீட்சை இருக்கிறது என்றாள், ஆடியில் வருகிறேன் என்றாள். கடைசியில், “எப்பப் பாத்தாலும் வா வான்னா எப்படிம்மா? இப்பதான் இந்த ஊர் எனக்குப் புடிக்க ஆரம்பிச்சிருக்கு,” என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை குரல் முதன்முறையாக அழுதது.

“அவ நல்லா இருக்கால்ல? நான் இங்க கெடக்கறேன். அவ அங்க எப்படிம்மா நல்லா இருக்கா?”

சுலோசனா கதவோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

“அன்னிக்கு நீ சுத்திப் போட்டது என்னைத்தாம்மா. என்னைக் கழிச்சு இங்க கொண்டுவந்து போட்டுட்ட. அங்க நடக்கறது நான் இல்ல. உன்னை அவளுக்கு ஞாபகமே இல்ல பாரு. மறுபடியும் சுத்து. இந்தத் தடவ என் பேரைச் சொல்லாத. அவகிட்ட இருக்கறது எனக்கு வந்துடும். வந்துட்டா நான் உன்கூடவே இருப்பேன்.”

செவ்வாய் அவள் சாப்பிடவில்லை. புதன் குளிக்கவில்லை. பூபாலன் டாக்டரிடம் போகலாம் என்றார், சனிக்கிழமை போகலாம் என்று ஒத்துக்கொண்டாள். வீட்டில் எங்கே நின்றாலும் காது அந்தக் கதவில் இருந்தது. ஒருவேளை இது பொய் என்றால்? பொய் என்றால், தான் செய்யப் போவது என்ன? ஒருவேளை இது நிஜம் என்றால்? பெற்ற பெண் இருட்டில் பசியோடு கிடக்க, அவள் உடம்பைப் போட்டுக்கொண்டு வேறொன்று ரொட்டி தின்று பாலம் பாலமாகச் சுற்றுகிறதே. இரண்டில் ஒன்றுதான் தன் பிள்ளை. இரண்டும் ஒரே குரலில் அம்மா என்கின்றன. ஒன்றுக்கு அவள் வேண்டும். இன்னொன்றுக்கு டிராம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மண் எடுக்க இறங்கினாள். நாகம்மா கரியை ஊதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

“பாப்பாதான் தேறிகிச்சே. மறுக்கா எதுக்கும்மா மண்ணு?”

சும்மா என்றாள் சுலோசனா.

“அன்னிக்கு பாப்பா அந்தாண்ட திரும்பிகிச்சில்ல?”

சுலோசனா தலையாட்டினாள். அந்த ஆட்டலைப் பார்த்து நாகம்மாவின் முகம் மாறியது. இஸ்திரிப்பெட்டியைக் கல்லின் மேல் வைத்தாள்.

“பாத்துச்சுன்னா சொல்லிடு தாயி, தப்பில்ல. கழிச்சது வழி பாத்துகினு பின்னாடியே ஊட்டுக்கு வரும். நமக்கு வேண்டப்பட்டவங்க குரல்ல கூப்டும். பசின்னும். எது கேட்டாலும் குடுத்துடாத. நான் இன்னிக்கு வேலைய வுட்டுட்டு மேல வரவா?”

வா என்று சொல்லச் சுலோசனா வாயெடுத்தாள். மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். உடைந்த கொக்கியுள்ள ஜன்னல். இவளுக்கென்ன தெரியும், இவள் பிள்ளைகள் மூன்றும் ராத்திரி இவள் பக்கத்தில்தானே படுக்கின்றன என்று நினைத்தாள். முந்தானையில் மண்ணை முடிந்துகொண்டு படியேறினாள்.

சங்கு ஊதியது.

கனிமொழி பாலத்தின் மேல் நின்றிருந்தாள். கல் கைப்பிடிச் சுவர், பின்னால் ஆறு, கோட்டை. காற்றில் வெட்டின முடி பறந்தது. ஞாயிற்றுக்கிழமை பேசினதற்கு மன்னிப்புக் கேட்பவள் போலத் தானாகவே தட்டு மாதிரி ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே எலுமிச்சம்பழ சாதம், அவளே செய்ததாம், மஞ்சள் அதிகமாகிவிட்டதாம். சுலோசனா கையில் உப்பும் மிளகாயும் இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

“மறுபடியுமா? சரி, சுத்து. உனக்கு நிம்மதின்னா சுத்து.”

சுற்றினாள். மூன்று முறை இப்படி. மூன்று முறை அப்படி. பேரைச் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரைக்குள் அந்த முகம் பக்கத்தில் வந்தது, எவ்வளவு பக்கம் என்றால் மூக்கு நுனியில் குளிரில் சிவந்த இடம் தெரிந்தது. அம்மா சொல்லாமலே மூன்று முறை துப்பினாள். ஒழுங்காக. சின்னதில் மருந்து குடிப்பாளே, அப்படி.

அப்போது சுலோசனாவின் கை அடுப்புக்கு மேலே நின்றது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தாள்.

“ம்மா,” என்றது கதவு. “பசிக்குது.”

போட்டாள்.

இந்த முறை நெடி வந்தது. வீட்டையே அடைத்துக்கொண்டு வந்தது. கண் எரிந்தது. நெஞ்சு எரிந்தது. இருமி இருமிக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கனிமொழி சிரிக்கவில்லை.

“ம்மா, திடீர்னு ரொம்பக் குளிருது.”

“கனி…”

“ம்மா, உனக்குப் பின்னாடி யாரு கதவத் தட்டறாங்க?”

பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. உதடு அசைந்தது. குரல் இல்லை. தொண்டையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், புரியாதவள் போல. அம்மாவையே பார்த்தாள். பிறகு படம் சாய்ந்தது. கைப்பிடிச் சுவர். வானம். ஒரு வெள்ளைப் பறவை. வானம். டப்பா கல்லில் உருளும் சத்தம். ஓடி வரும் காலடிகள். யாரோ ஒரு பெண் அந்த ஊர்ப் பாஷையில் கத்தினாள். இன்னொருவர் கத்தினார். படம் வானத்தைப் பார்த்தபடியே கிடந்தது.

சுலோசனா போனைத் தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடும்.

பழையபடி ஒரு தட்டு எடுத்தாள். சோறு போட்டாள். ரசம் விட்டாள். கை தானாகப் பிசைந்தது. கண்ணிலிருந்து வழிந்ததும் அதில் விழுந்தது. வந்துவிட்டாள், வந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே கூடத்தைத் தாண்டினாள். தரை முழுக்க இப்போது சில்லென்று இருந்தது. தாழ்ப்பாள் தொட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள்.

இருட்டு. மதியம் ஒரு மணிக்கு, ஜன்னல் உள்ள அறையில், இருட்டு.

“கண்ண மூடிக்கம்மா. என்னைப் பாத்தா பயந்துடுவ. ரொம்ப எளச்சிட்டேன்.”

மூடிக்கொண்டாள். மண்டியிட்டாள். ஒரு கவளம் உருட்டி நீட்டினாள். உதடுகள் வந்து வாங்கிக்கொண்டன. குளிர்ந்த உதடுகள். இன்னொரு கவளம். அதையும். மெல்லும் சத்தம் இல்லை. விழுங்கும் சத்தம் மட்டும். எங்கோ ஆழத்தில், வெகு நேரம் கழித்து.

“என் கண்ணு. என் தங்கம். சாப்புடு.”

ஐந்தாவது கவளத்தில் உதடுகள் மணிக்கட்டு வரை வந்தன. விடவில்லை. வலிக்கவில்லை; குளிர் மட்டும். பசி, பாவம் என்று நினைத்தாள். பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுக்க இடக்கையை நீட்டினாள். வாய் இங்கே. அதற்கு மேலே மூக்கு இருக்க வேண்டும். நெற்றி இருக்க வேண்டும். முடி இருக்க வேண்டும்.

வாய்க்கு மேலே மொசைக் தரை. வாய்க்குக் கீழே மொசைக் தரை. இந்தப் பக்கமும் தரை. அந்தப் பக்கமும்.

“இன்னும்,” என்று கேட்டது கனிமொழியின் குரல். அது வாயிலிருந்து வரவில்லை. வெகு உயரத்திலிருந்து, கூரைக்கும் மேலேயிருந்து, கயிறு விட முடியாத தூரத்திலிருந்து வந்தது. “இன்னும்மா.”

கூடத்தில் போனிலிருந்து யாரோ அந்நியப் பெண் ஹலோ, ஹலோ என்று அழுதபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சுலோசனா கண்ணைத் திறக்கவில்லை. வலக்கை முழங்கை வரை போயிருந்தது. தட்டை முழங்காலால் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, இடக்கையால் அடுத்த கவளத்தை உருட்ட ஆரம்பித்தாள்.

போதும் கண்ணுகளா. விளக்கு எரிகிறது, பயப்படாதீர்கள், எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். உங்கள் வீட்டில் உலை கொதிக்கட்டும், பானை நிறையட்டும். தூரதேசம் போன உங்கள் பிள்ளைகள் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டு, ஊரெல்லாம் சுற்றிப் பார்த்து, உங்களைக் கொஞ்சம் மறந்து, சந்தோஷமாக இருக்கட்டும். அந்த மறதியைப் பொறுத்துக்கொள்ளும் மனசை உங்களுக்கு உலகைப் பெற்ற அந்தத் தாயார் கொடுக்கட்டும். போய் நிம்மதியாகப் படுங்கள்.